வாசலில் கேட்கப்படும் சில்லறை

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஆல்பர்ட் ஷ்வைட்சரைப் பற்றி நண்பர் ஒருவர் உரையாற்றினார். சிறந்த உரை என்பதில் ஐயமில்லை. பாஹின் இசையில் தோய்ந்த ஒரு மனிதர், இறையியல் அறிஞர், முப்பது வயதில் மருத்துவம் கற்கத் தொடங்கி, 1913இல் இன்றைய காபோன் நாட்டின் லம்பரேனேவுக்குச் சென்று, ஓகோவே ஆற்றங்கரையில் ஒரு பழைய கோழிக்கொட்டிலைச் சுத்தம் செய்து அதில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய கதை யாரையும் நெகிழவைக்கும். உரை முடிந்து தேநீர் வந்தது. பேச்சு இன்றைய ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குத் திரும்பியது. அப்போதுதான் நண்பர் அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள். ஒரு சிறு தொகையாவது வாங்க வேண்டும். அப்போதுதான் பொறுப்பு வரும்."

எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. மறுக்காததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை. அன்று விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த எண்ணம் நண்பருடையது அல்ல. அதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஷ்வைட்சரே தம் லம்பரேனே நினைவுகளில், சிகிச்சை பெற்றவர்களிடமிருந்து நன்றியின் அடையாளமாக ஏதேனும் ஒன்றை, பணமோ வாழைக்குலையோ முட்டையோ கோழியோ, பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைத் தாம் ஏற்படுத்தியதைப் பதிவுசெய்திருக்கிறார். மிக ஏழைகளையும் முதியவர்களையும் அதிலிருந்து விலக்கியும் வைத்தார் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். சினுவா அச்செபி 1975இல் ஆம்ஹெர்ஸ்டில் கான்ராடைக் கிழித்துப்போட்ட அந்தப் புகழ்பெற்ற உரையில் ஷ்வைட்சரையும் விட்டுவைக்கவில்லை. ஆப்பிரிக்கரைச் சகோதரர் என்று ஏற்றுக்கொண்டு, மறுகணமே இளைய சகோதரர் என்று திருத்திக்கொள்ளும் மனத்தைத்தான் அவர் சுட்டினார். இளையவனுக்குப் பொறுப்பு கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்திலிருந்து தொடங்குவதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் வாழைக்குலை வாங்கிய மருத்துவர் ஒரே ஒரு மருத்துவமனையை நடத்தினார். அந்த எண்ணம் ஒரு கண்டம் முழுமைக்குமான கொள்கையானபோது நேர்ந்தது வேறு.

1978 செப்டம்பரில் அன்றைய சோவியத் கசகஸ்தானின் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்தன. பெரிய மருத்துவமனைகளுக்கு முன்னால் கிராமத்து ஆரம்ப சுகாதாரம் வர வேண்டும் என்பது அதன் சாரம். மை உலரும் முன்பே கடன் நெருக்கடி வந்தது. எண்பதுகளில் ஆப்பிரிக்க அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னாட்டு நிதியத்தின் வாசலிலும் உலக வங்கியின் வாசலிலும் நின்றன. செலவைக் குறைக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1987இல் உலக வங்கி வெளியிட்ட கொள்கை ஆவணம், வளரும் நாடுகளின் அரசு மருத்துவ நிலையங்கள் பயனாளிகளிடம் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கட்டணம் வருவாய் தரும், தேவையற்ற வருகையைத் தடுக்கும், மிச்சமாகும் பணத்தில் ஏழைகளைக் கவனிக்கலாம் என்பது அதன் தர்க்கம். காகிதத்தில் அழகாக இருக்கும் தர்க்கங்களில் இதுவும் ஒன்று.

அதே ஆண்டு செப்டம்பரில் மாலியின் தலைநகர் பமாக்கோவில் ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு வேறொரு திட்டத்தை ஏற்றார்கள். கிராம நிலையம் அடிப்படை மருந்துகளைச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கும். அந்த வருவாயை ஊர்க் குழு நிர்வகித்து மீண்டும் மருந்து வாங்கும். இதை எள்ளி நகையாடுவது எளிது. நான் செய்யமாட்டேன். அன்று பல கிராம நிலையங்களின் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. செவிலியர் இருப்பார், ஊசியிருக்காது. பெனினிலும் கினியிலும் பமாக்கோ திட்டம் அந்த அலமாரிகளை நிரப்பியது. 1993இல் கேமரூனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, கட்டணத்தோடு மருந்தும் தரமும் சேர்ந்து வந்தபோது ஏழைகளின் வருகை கூடியதாகக் காட்டியது. கட்டணத்தை ஆதரிப்போர் இன்றும் அதை மேற்கோள் காட்டுவார்கள். அந்த மக்கள் மருந்து வந்ததால் வந்தார்கள். கட்டணம் வந்ததால் வந்தார்கள் என்று அதை வாசிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இப்போது நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். அது சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று. சோதித்தும் பார்த்துவிட்டார்கள்.

மேற்குக் கென்யாவின் மகப்பேறு ஆலோசனை நிலையங்களில் ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் டுபாஸ் என்ற இரு பொருளியலாளர்கள் கொசுவலையைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 2010இல் அது வெளியானது. சில நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருந்திட்ட வலை இலவசம். வேறு சிலவற்றில் வெவ்வேறு சிறு விலைகள். உச்ச விலை 40 ஷில்லிங், ஏறத்தாழ 60 அமெரிக்க சென்ட். வலையின் அடக்க விலையில் அது பத்தில் ஒரு பங்குதான். இலவசத்திலிருந்து அந்த விலைக்குப் போனபோது வலை பெற்றவர்களின் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் வீழ்ந்தது. சரி, வாங்கியவர்களாவது அதை மதித்து, இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகம் பயன்படுத்தினார்களா? இல்லை. இலவசமாகப் பெற்றவர்களும் அதே அளவுக்கு வலையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினார்கள். விலை கொடுத்தவர்கள் நோயால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களாகவாவது இருந்தார்களா என்றால் அதுவுமில்லை. பணம் இருந்தவர்கள் வாங்கினார்கள், அவ்வளவே.

அதே மேற்குக் கென்யாவின் புசியா மாவட்டத்தில் பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு மாத்திரை இலவசமாக வழங்கப்பட்டுவந்தது. திட்டம் தன் காலில் நிற்க வேண்டும் என்று 2001இல் சில பள்ளிகளில் மட்டும் ஒரு சிறு கட்டணம் அறிமுகமானது. குழந்தைக்குச் சராசரியாக 30 சென்ட். மைக்கேல் கிரேமரும் எட்வர்ட் மிகுவேலும் கணக்கெடுத்தார்கள். இலவசமாக இருந்தபோது நான்கில் மூன்று குழந்தைகள் மாத்திரை உண்டார்கள். கட்டணம் வந்ததும் ஐந்தில் ஒரு குழந்தைகூட உண்ணவில்லை. புழுத்தொற்று அதிகமிருந்த குழந்தைகளின் பெற்றோர் மட்டுமாவது பணம் கட்டினார்களா என்றால் அப்படியும் இல்லை. கிரேமர் 2019இல் பொருளியலுக்கான நோபலைப் பகிர்ந்துகொண்டவர். இடதுசாரித் துண்டுப்பிரசுரம் எழுதுகிறவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது.

முப்பது சென்ட் அவ்வளவு பெரிய தொகையா என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்குப் பதில் அட்டவணைகளில் கிடைக்காது. சாஹெல் நிலப்பகுதியின் நாட்காட்டியில் கிடைக்கும். மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ ஆகிய நாடுகளில் மழை ஜூன் வாக்கில் இறங்குகிறது. மழையோடு கொசு வருகிறது, கொசுவோடு மலேரியா. அதே மாதங்களில்தான் சென்ற ஆண்டின் கம்பும் சோளமும் தீர்ந்து குதிர் காலியாகிறது. புதிய கதிர் இன்னும் முற்றவில்லை. ஆட்டையோ நகையையோ விற்றும், அறுவடையைக் காட்டிக் கடன் வாங்கியும் நாட்களைக் கடத்தும் பருவம் அது. ஆண்டு முழுவதிலும் காசு மிகக் குறைவாக இருக்கும் வாரங்களிலேயே குழந்தைக்குக் காய்ச்சல் மிக அதிகமாக வருகிறது. ஆண்டுச் சராசரி வருமானத்தை 365ஆல் வகுத்து, இவ்வளவு கட்டணம் தாங்கும் என்று எழுதிய நிபுணர் வேளாண்மை செய்கிற வீட்டில் பிறக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு, யார் கையில் காசு என்ற கேள்வி. குழந்தையின் உடம்பு சுடுவதை முதலில் அறிகிறவள் தாய். பல வீடுகளில் பணம் கணவரிடமோ மாமனாரிடமோ இருக்கும். கேட்க வேண்டும், அவர் வயலிலிருந்தோ சந்தையிலிருந்தோ வர வேண்டும், நாளைக்குள் தணிந்துவிடும் என்று அவர் சொல்லலாம். பெரும்பாலான காய்ச்சல்கள் தணிந்தும்விடும். ஆகையால் காத்திருப்பது முட்டாள்தனமல்ல, அனுபவம் கற்பித்த கணக்கு. ஆனால் ஃபால்சிபேரம் வகை மலேரியா ஒரு சிறு குழந்தையை ஓரிரு நாட்களில் மூளை வரை கொண்டுபோய்விடும். இதற்கிடையில் தெருவில் பெட்டியோடு வரும் வியாபாரியிடம் கையிலிருக்கும் காசுக்கு இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். முழுச் சுற்றில் பாதிகூட இருக்காது. நிலையத்தின் கட்டணம் இத்தனைக்கும் மேல் வருவது. நடக்கும் தூரம், மோட்டார் சைக்கிள் வாடகை, இழந்த ஒரு நாள் கூலி எல்லாம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்ட கட்டணங்கள். கதவருகே வந்துவிட்டவளிடம்தான் அந்தக் கடைசிச் சில்லறை கேட்கப்படுகிறது.

பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டே என்பார்கள். உண்டு, எல்லாத் திட்டங்களிலும் உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த நிலையத்தின் செவிலியரும் ஊர்க் குழுவும். எந்தக் கட்டணத்திலிருந்து அடுத்த மாத மருந்தை வாங்க வேண்டுமோ, சில இடங்களில் தம் ஊக்கத்தொகையும் எதிலிருந்து வருகிறதோ, அந்தக் கட்டணத்தை அவர்களே விட்டுக்கொடுக்க வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் ஏழைகளாக இருக்கும் ஊரில் யார் பரம ஏழை என்று அவர்களே வரிசைப்படுத்தவும் வேண்டும். விலக்கு விதிகள் பெரும்பாலும் காகிதத்தில் தங்கிப்போனது அந்தச் செவிலியரின் இரக்கமின்மையால் அல்ல. அவரையே வசூல்காரராக்கிய அமைப்பால்.

இத்தனை துயரத்துக்கும் ஈடாக வந்த வருவாய் எவ்வளவு? தொண்ணூறுகளில் ஆப்பிரிக்க நாடுகளின் அனுபவத்தைத் தொகுத்த ஆய்வாளர்கள் கண்ட சராசரி, சுகாதாரத்தின் நடப்புச் செலவில் ஏறத்தாழ 5 விழுக்காடு. வசூலிக்கும் செலவைக் கழிக்காமலே. இந்த எண்ணை நண்பர் ஒருமுறை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கட்டணம் கட்டாமல் படுத்துவிட்டவர்களின் கதையும் உண்டு. 2006இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் புருண்டியின் மருத்துவமனைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சிகிச்சை முடிந்தும் கட்டணம் செலுத்த முடியாதவர்கள் வீடு திரும்ப விடாமல் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டிருந்தார்கள். அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய்மார் அவர்களில் பலர். கென்யாவில் பிரசவக் கட்டணத்துக்காகத் தடுத்துவைக்கப்பட்ட இரு பெண்கள் வழக்குத் தொடுத்து, அது அரசியலமைப்புக்கு விரோதமானது என்ற தீர்ப்பையும் இழப்பீட்டையும் 2015இல் உயர்நீதிமன்றத்தில் பெற்றார்கள். மருத்துவமனையில் கடனாளிச் சிறை. டிக்கன்ஸை நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுத்தாளர் என்று வகைப்படுத்திவைத்திருக்கிறோம்.

"மதிக்கமாட்டார்கள்" என்பதற்கு இன்னொரு சான்றையும் பார்த்துவிடலாம். 2001இல் எய்ட்ஸ் மருந்துகளை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசெல்வது பற்றிய விவாதம் உச்சத்தில் இருந்தது. மும்பையின் சிப்லா நிறுவனம் ஓர் ஆண்டுக்கான கூட்டுமருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவரை மேற்கத்திய விலை 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. அப்போது அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்கள் கடிகாரம் பார்த்து வாழ்கிறவர்கள் அல்லர், மாத்திரையைக் குறித்த நேரத்தில் உண்ண அவர்களால் ஆகாது என்ற பொருளில் பேசினார். ஐந்தாண்டு கழித்து, 2006இல், பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிய ஒரு கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே வெளிவந்தது. மருந்தை ஒழுங்காக உண்டவர்களின் விகிதம் ஆப்பிரிக்காவில் 77, வட அமெரிக்காவில் 55. அந்த மருந்து செனகலில் 2003 முதல் இலவசம், பின்னர் பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகளிலும் இலவசம். மதிப்பு பற்றிய பாடத்தை யார் யாருக்கு எடுக்க வேண்டும் என்று நண்பரே சொல்லட்டும்.

இனி என் தரப்பின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கட்டணத்தை நீக்குவதாக ஒரு தலைவர் மேடையில் அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுகிறவர்கள் என் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். உகாண்டாவில் 2001 மார்ச்சில், தேர்தலை ஒட்டி, அரசு நிலையங்களின் கட்டணம் நீக்கப்பட்டது. கூட்டம் பெருகியது, குறிப்பாக ஏழைகள் வந்தார்கள். அதுவரை வராதிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் மருந்து அதற்கேற்பப் பெருகவில்லை. சீட்டை எழுதிக் கொடுத்து வெளிக்கடையில் வாங்கச் சொன்னார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள், மருத்துவச் செலவால் நொடித்துப்போகும் ஏழைக் குடும்பங்களின் விகிதம் குறையவில்லை என்று கண்டார்கள். வாசலில் வாங்கிய சில்லறை எதிர்க் கடைக்கு இடம்பெயர்ந்திருந்தது. இலவசம் என்ற பலகையை மாட்டிவிட்டு அலமாரியைக் காலியாக வைப்பது ஏமாற்று. கட்டணத்தைவிட மோசமான ஏமாற்று என்றுகூடச் சொல்வேன்.

சியரா லியோன் அந்தப் பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்டது. 2010 ஏப்ரல் 27 அன்று, நாட்டின் விடுதலை நாளில், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சை இலவசமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் சுகாதாரப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூட்டம் பன்மடங்காகும், பழைய சம்பளத்தில் எங்களால் முடியாது என்றார்கள். நியாயமான பேச்சு. அரசு ஊதியத்தை உயர்த்தியது, ஊதியப் பட்டியலில் இருந்த ஆவிகளை, அதாவது பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத பணியாளர்களை, நீக்கியது, வெளிநாட்டு உதவியோடு மருந்து தருவித்தது. குறைகள் இருந்தன, மருந்து வழியில் கசிந்தது. நான்கே ஆண்டுகளில் எபோலா வந்து நலிந்திருந்த அமைப்பை உலுக்கியது. ஆயினும் ஊதியமும் மருந்தும் முதலில், அறிவிப்பு பிறகு என்ற வரிசை சரியானது.

எத்தியோப்பியா வேறொரு வழியைத் தேர்ந்தது. நோயாளி நிலையத்துக்கு நடப்பதற்குப் பதிலாக நிலையம் நோயாளியிடம் நடந்தது. 2003 வாக்கில் தொடங்கிய திட்டத்தில், பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி அளித்து, ஒவ்வொரு சிற்றூர்த் தொகுதிக்கும் இருவர் வீதம் நியமித்தார்கள். சில ஆண்டுகளில் 30,000க்கும் மேற்பட்டோர். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, கழிப்பிடம், பின்னாளில் குழந்தைகளின் நிமோனியாவுக்கான சிகிச்சை வரை அவர்கள் கையில். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி, அவர்கள் அரசு ஊதியம் பெற்றார்கள் என்பது. ஆப்பிரிக்கா நெடுகிலும் இத்தகைய பெண்களைத் தொண்டர்கள் என்று அழைத்து, ஒரு சட்டையும் ஒரு பையும் கொடுத்து, வேலையை மட்டும் முழுநேரமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவர்களுக்கு முறையான ஊதியம் தரப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல்தான் வழிகாட்டுதல் வெளியிட்டது. எத்தியோப்பியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 1990க்கும் 2012க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. எல்லாப் பெருமையும் அந்தப் பெண்களுக்கே என்று நான் சொல்லமாட்டேன். சாலையும் உணவும் கல்வியும் அதில் சேரும். ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த எண்ணை விளக்க முயல்கிறவர் சிரமப்படுவார்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து என்பது எஞ்சும் கேள்வி. 2001 ஏப்ரலில் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் ஆண்டு வரவுசெலவில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தார்கள். அதை எட்டிய நாடுகள் மிகச் சில, நீடித்தவை அதைவிடச் சில. கடன் வட்டியும் ராணுவமும் தலைநகரின் பெரிய மருத்துவமனையும் தின்றது போக மீதிதான் கிராமத்துக்கு. அமைச்சர்களும் அதிபர்களும் சிகிச்சைக்கு விமானம் ஏறுகிறவர்களாக இருக்கும்வரை அந்த 15 விழுக்காடு யாருக்கும் அவசரமாகப் படாது. இந்த இடத்தில் மேற்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவுக்கும் பிறகு 2013 மே மாதம் ஜெனீவாவில், உலக சுகாதாரப் பேரவையில், உலக வங்கியின் அன்றைய தலைவர் ஜிம் யோங் கிம் பேசினார். மருத்துவர், ஹைட்டியிலும் பெருவிலும் ஏழைகளுக்கான மருத்துவ அமைப்பைக் கட்டியவர்களில் ஒருவர். சிகிச்சை பெறும் இடத்தில் ஏழைகளிடம் வசூலிக்கும் மிகச் சிறு கட்டணம்கூட அவர்களைத் துரத்திவிடும், அது அநீதி, தேவையுமற்றது என்ற பொருளில் சொன்னார். 1987இலிருந்து 2013 வரை 26 ஆண்டுகள். சொன்ன நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்ட ஒரு கருத்து நம் தேநீர் மேசையில் இன்னும் ஞானமாக உலவுகிறது.

அது உலவுவதில் எனக்கு இப்போது கூடுதல் கவலை இருப்பதற்குக் காரணம் உண்டு. 2025இல் அமெரிக்கா தன் வளர்ச்சி உதவி நிறுவனத்தையே கலைத்துவிட்டது. வேறு சில பணக்கார நாடுகளும் உதவியைக் குறைத்தன. வெளியார் பணத்தில் நின்ற எத்தனையோ கிராமத் திட்டங்களில் ஒரே ஆண்டில் ஆட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தன் காலில் நிற்றல் என்ற சொல் மீண்டும் மாநாட்டு மேடைகளுக்கு வந்துவிட்டது. வரி வாங்கி நிற்பதும் தன் காலில் நிற்றல்தான். காய்ச்சல் கண்ட குழந்தையின் தாயிடம் வாங்கி நிற்பதையும் அப்படியே அழைக்கிறார்கள். இரண்டில் எது எளிது என்பது எந்த நிதியமைச்சருக்கும் தெரியும்.

இந்த வாக்கியத்தைச் சொல்லும் நம் தலைமுறையில் பெரும்பாலோர் பள்ளியில் வரிசையில் நின்று இலவசமாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர்கூட அந்தத் தழும்பை மதிக்காமல் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த சந்திப்பில் அச்செபியின் ஆம்ஹெர்ஸ்ட் உரையைப் பற்றிப் பேச நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். புசியா பள்ளிகளின் கணக்கை நான் படியெடுத்துக் கொண்டுவருகிறேன். தேநீருக்கு முன்பே கொடுத்துவிட எண்ணம்.